கதை விளங்குது

ரப்பர் தோட்டத்தில் எனக்கு வாயாடி என்று பெயர். 'இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்' என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வாய்க்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து நாள் முழுக்கப் பேசச் சொல்லும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாள். ஆனால் நடந்தது. மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் வந்த புதிதில், மலாக்காவில். என் ஆயுசிலேயே நான் அதிகம் பேசிய காலம் அதுதான். பேச்சுத்துணைக்கு ஒரு நாதியில்லாமல் கிடந்த காலமும் அதுதான்.

பண்டார் ஹிலிரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. அப்போது டெலிபோன் வைத்திருப்பவர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றினால் எங்கள் பலகையில் அவருடைய சின்ன மூடி டொக்கென்று கீழே விழும். நான் கயிற்றைச் செருகி 'நம்பர் ப்ளீஸ்' என்பேன். சுதந்திர நாட்டில் இன்னும் கைப்பிடி சுற்றிக்கொண்டிருப்பது அழகா என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது என்று சோதித்துப் பார்க்க, கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை லாரி நிறையப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரப்பெட்டிதான். உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் என்னென்னவோ தகடுகளும். ஒரு பெட்டியில் வெள்ளைச் சாயத்தில் ஈப்போ என்று எழுதியிருக்கும், ஒன்றில் சிங்கப்பூர், ஒன்றில் பினாங்கு. ஒரு முனையில் பேசினால், மறுமுனையில் குரல் நிஜமாகவே பினாங்குவரை கம்பியில் போனதுபோல இளைத்து, களைத்து வரும். இப்படிப் பெட்டிகளை அடுக்கி, ஊரையும் காட்டையும் தாண்டாமல், ஒரு கூடத்துக்குள்ளேயே முழு மலாயாவுக்கும் பொய்யாக ஒரு டெலிபோன் வலை பின்னிவிட்டார் மனுஷன். அந்த ஒரே வலையை மூன்று முறையில் ஓட்டிப் பார்ப்பது திட்டம். முதலில் எங்கள் கைப்பிடிப் பலகை. அடுத்தது, ரிசீவரை எடுத்தாலே பலகையில் விளக்கு எரியும் முறை. கடைசியாக, நடுவில் பெண்ணே இல்லாமல், எண்ணைச் சுழற்றினால் தானாகவே போய்ச் சேரும் முறை. எது எத்தனை பேச்சைத் தாங்குகிறது, எதில் குரல் கெடுகிறது என்று பார்ப்பார்கள்.

பொய்க் கம்பியானாலும் பேச்சு நிஜமாக இருக்க வேண்டுமே! நாட்டில் ஓடும் பேச்செல்லாம் அதில் ஓட வேண்டும் என்று மலாய்க்கு ஒரு ஜோடி, சீனத்துக்கு ஒரு ஜோடி, இங்கிலீஷுக்கு ஒரு ஜோடி, தமிழுக்கு ஒரு ஜோடி வைத்தார்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்டுக் குரலுக்கு மார்க் போட வேண்டும். தமிழில் பேச என்னைப் பிடித்தார்கள். யார் என் பெயரைக் கொடுத்தார்களோ, வாயாடி என்பது அங்கேயும் எட்டியிருக்கிறது.

கேட்கிறவர் துரையோடு கோலாலம்பூரிலிருந்து வந்தவர். சிலோன்காரர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். பேசுகிறவர் முகத்தைக் கேட்கிறவர் பார்க்கக்கூடாது; உதட்டைப் பார்த்துவிட்டால் கேட்காததும் கேட்டதுபோல் ஆகிவிடுமாம். அது போதாதென்று பெண்களுக்கு முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல். ஆக, அவர் இருமினால் சுவர் வழியாகப் பக்கத்தில் கேட்கும், ரிசீவர் வழியாகப் பினாங்கிலிருந்து கேட்கும். ஆள் எப்படியிருப்பார் என்று மட்டும் தெரியாது.

முதல் நாள் ரிசீவரை எடுத்து, "ஹலோ பினாங்கு, மலாக்கா பேசுது" என்றேன். அப்படித்தான் தொடங்க வேண்டும்.

"ஓம் பிள்ளை, ஏதாவது கதையுங்கோ" என்றது குரல்.

கதை சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்ன செய்வது, சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஆட்டுக்குட்டி என்று நினைத்து இருட்டில் புலிக்குட்டியைத் தூக்கிவந்த கதையைச் சொன்னேன். பாதிக்கு மேல் என் சொந்தச் சரக்கு. முடித்ததும் அந்தப் பக்கம் மார்க் போடும் பென்சில் சத்தம். பிறகு, "கதை விளங்குது" என்றார்.

எங்கள் பக்கம் 'வெளங்கிடும்' என்றால் கேலி. எனக்குச் சுருக்கென்றது. "ஏன் சார், கதை நல்லா இல்லயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பு சுவரில் மோதியது. "ஐயோ பிள்ளை, எங்கட ஊரிலே கதை எண்டால் பேச்சு. கதையுங்கோ எண்டால் பேசுங்கோ. உங்கட பேச்சு தெளிவாக் கேக்குது எண்டுதான் சொன்னனான். ஆனால் பரவாயில்லை, நீங்கள் கதையே சொல்லுங்கோ. எனக்கும் நித்திரை வராது."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் ஆட்களை உண்டாக்கினேன். பினாங்கில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு தாய், சிங்கப்பூரில் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் ஒரு குடிகாரன், அவனைத் தேடும் பெண்டாட்டி. எல்லாருக்கும் நானே குரல் கொடுத்தேன். அழ வேண்டிய இடத்தில் அழுதேன், திட்ட வேண்டிய இடத்தில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி திட்டினேன். நான் மூச்சு வாங்கினால் அவர், "பிறகு?" என்பார். பேச்சு நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் கேட்டார், வேலைக்காக. ஆனால் அம்மா போனபிறகு என்னிடம் 'பிறகு?' என்று கேட்ட முதல் மனிதர் அவர். ஒவ்வொரு கதை முடிவிலும் "கதை விளங்குது" என்பார், அல்லது "கதை விளங்கேல்லை, இன்னொருக்கால்." நான் இன்னொரு தரம் சொல்வேன்.

சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் காஜா பேராங்குக்குப் போனால் என் தமிழ் அத்தோடு சரி. அங்கே மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு விதவை அம்மாளின் வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். எந்தக் காலத்திலோ வியாபாரத்துக்கு வந்த தமிழர்களின் வம்சம் அவர்கள். நெற்றியில் திருநீறு, கும்பிடுவது மாரியம்மனை, வாசலில் மாவிலை. ஆனால் உடுப்பு கெபாயா, பேச்சு மலாய். அதிலும் பசாரில் கேட்கிற மலாய் இல்லை, அவர்களுக்கே உரிய ஒரு மலாய். நடுநடுவே 'சுவாமி' 'பூசை' என்று தமிழ்ச்சொல் வரும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்வேன். அடுத்த சொல் மலாயாகிவிடும். வீதியில் தெரிந்த முகம்போல் ஒருவரைப் பார்த்து ஓடிப்போய், அவர் வேறு ஆள் என்று திரும்புவோமே, அப்படி இருக்கும்.

அந்த அம்மாளை மக்சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் அத்தை என்பதுபோல. அறை கேட்டுப் போன அன்றே அவமானம். அவர் ஏதோ கேட்டதில் 'டூடோக்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. உட்காரச் சொல்கிறார் என்று நான் சட்டென்று பாயில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டது, இதுவரை எங்கே குடியிருந்தாய் என்று. மலாயில் உட்காருவதற்கும் குடியிருப்பதற்கும் அந்த ஒரே சொல்தான். வீட்டில் இருந்த மருமகள்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மக்சிக் மட்டும் சிரிக்காமல், சரி உட்கார்ந்தது உட்கார்ந்தாய் என்பதுபோல் ஒரு தட்டில் பலகாரம் வைத்தார். நல்ல மனுஷி. ஆனால் நல்ல மனுஷியோடு பேச்சு ஓட வேண்டுமே! என் தோட்டத்து மலாய், விலை கேட்கவும் வழி கேட்கவும்தான் காணும். மனசு சரியில்லை என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது.

மார்கழி நடுவில் அப்பா வந்தார். பால்மரம் வெட்டிக் காய்த்த கையோடு வாசலில் நின்றார். தோட்டத்தை வெள்ளைக்காரர் துண்டு போட்டு விற்கிறாராம். லயத்தில் பாதி வீடு காலி. நாகப்பட்டினத்துப் பக்கம் பெரியப்பா வீடு இருக்கிறது, பொங்கல் கழித்துப் பினாங்கிலிருந்து கப்பல், உனக்கும் எனக்கும் இடம் சொல்லியாகிவிட்டது என்றார்.

"நான் ஏன்பா வரணும்? நான் பொறந்தது இங்கதான. வேலை இருக்கு."

"வேலை என்னா வேலை! நாளைக்கு மிஷினே பேசிக்கும்னு நீதான சொன்ன. அங்க ஒன் அத்தை மகன் இருக்கான், நல்ல பையனாம்."

"அவன் மூஞ்சியே எனக்குத் தெரியாது."

"கட்டிக்கிட்டா தெரிஞ்சிட்டுப் போகுது." அப்பாவுக்குக் கோபமாகப் பேசத் தெரியாது. "தாயி, வயசுப் பொண்ண அநாதையா விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கப்பல் ஏறுவேன்? ஒன்ன 'நீ இரு'ன்னு சொல்ல இங்க ஒரே ஒரு ஆளு இருந்தா சொல்லு. நான் வாய மூடிக்கிட்டுப் போறேன். பொங்கலன்னிக்குக் காலையில வர்றேன்."

அவர் போனபிறகு எண்ணிப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்க்கும் பெண்கள் எனக்கு நல்லவர்கள்தான். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பாஷை. போனால் போகிறாள் என்பார்கள். மக்சிக்குக்கு நான் பின்னறை. என்னை இரு என்று சொல்ல ஒருவர் என்று யோசித்தால், கழுதை, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்தான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் பசித்தவளுக்கு என்ன வெட்கம்? ஒரு மனிதர் என் பொய்யையெல்லாம் இத்தனை பொறுமையாகக் கேட்டிருக்கிறார், நிஜத்தையும் கேட்பார் என்று நினைத்தேன்.

கைப்பிடிப் பலகையிலும் விளக்குப் பலகையிலும் அதைச் சொல்ல முடியவில்லை. நடுவில் கயிறு செருகும் சீனப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கம்பியில் அவள் மூச்சு கேட்கும். இன்னொருத்தியின் மூச்சை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தானாகச் சேரும் முறை கடைசியில்தான் வந்தது. அதுவும் கடைசி நாள் போகியன்று வந்து வாய்த்தது. சக்கரத்தைச் சுழற்றினேன். எங்கோ கடகடவென்று இரும்பு ஓடி நின்றது. நம்பர் ப்ளீஸ் இல்லை, மூச்சு இல்லை, யாருமில்லை. துரைக்கு அது பெருமை. எனக்கு அதுதான் சமயம்.

"ஹலோ பினாங்கு, மலாக்கா பேசுது."

"ஓம், கதையுங்கோ."

"எங்கப்பா கப்பல் ஏறப் போறாரு. என்னயும் கூப்புடுறாரு. எனக்குப் போகப் புடிக்கல சார். எங்கம்மா இங்கதான் மண்ணுல கெடக்கா. நான் படிச்சது, சைக்கிள் பழகுனது, எல்லாம் இங்கதான். அங்க எனக்கு ஒரு நாய்க்குட்டிகூடத் தெரியாது."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு ஆளு 'நீ இரு'ன்னு சொன்னா போதும், இருந்துடுவேன். கல்யாணம் கார்த்தின்னு நான் எதயும் கேக்கல. அந்த ஒரு வார்த்த. அதச் சொல்றதுக்கு எனக்கு ஆளு இல்ல. நாள் பூரா ஒங்ககிட்டதான் பேசுறேன். நீங்க சொல்வீங்களா?"

பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அந்தக் குரல், என்றைக்குமில்லாமல் மெதுவாக, "கதை விளங்குது" என்றது. "நல்லா விளங்குது பிள்ளை." ரிசீவரை வைத்துவிட்டார்.

துரை வந்து கைகளைத் தட்டினார். சோதனை முடிந்தது, எல்லோருக்கும் நன்றி, தேநீர் உண்டு. நான் எழுந்திருக்கவில்லை. விளங்குது என்றால் என்ன? பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்றா? நீ சொல்வது புரிகிறது என்றா? 'நல்லா' என்று ஏன் சேர்த்தார்? ஒருநாளும் சேர்த்ததில்லையே. புரிந்திருக்கிறது, அதனால்தான் குரல் தாழ்ந்தது என்று ஒரு மனசு சொன்னது. வெளங்கிடும் போ என்றது இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க முடியாமல், அதுவரை போகாத பின்வாசலைச் சுற்றிக்கொண்டு போனேன். புடவையைச் சரிசெய்துகொண்டதும் நினைவிருக்கிறது. கதவு திறந்திருந்தது.

நரை விழுந்த ஒரு மனிதர் சாப்பாட்டு அடுக்கைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். என் அப்பாவைவிடக் கொஞ்சம் இளையவர், அவ்வளவுதான். மேசையில் குடும்பப் படம். மனைவி, இரட்டைச் சடைபோட்ட மகள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"நீங்கள்தானே அந்தப் பிள்ளை! வாங்கோ, வாங்கோ. கடைசிக் கதை திறம்! நான் கொஞ்சம் கலங்கிப்போனன், பொய் சொல்லக்கூடாது. மார்க் போடக் கை வரேல்லை. உங்களை ரேடியோ நாடகத்துக்கு எடுக்கவேணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பினாங்கைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது? புலிக்குட்டியில் ஆரம்பித்து இத்தனை நாள் புளுகியவள் நான். திடீரென்று ஒருநாள் நிஜம் சொன்னால் அதற்கு அடையாளமா போட்டிருக்கும்? அந்த முகத்தில் ஒரு கெட்டதும் இல்லை. "தேங்ஸ் சார்" என்றேன். அவரும், "சந்தோஷமா இருங்கோ" என்றார். இரு என்ற சொல் அவர் வாயில் அப்படி வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். போகியன்று அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் படைப்பார்கள். இலை விரித்து, சம்பாலும் மீனும் பலகாரமும் வைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே போகும்போது தட்டிவிட்டுத்தான் போவார்கள். சாத்திய கதவைப் பார்த்தபடி ஆளுக்கொரு மூலையில் பேசாமல் இருந்தார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். என் அம்மாவுக்கு அந்த இலை இல்லையே என்று அழுகை முட்டியது. மக்சிக் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் பாயைத் தட்டினார்.

"டூடோக் சினி லா, நாக்."

இங்கே உட்கார், மகளே என்றார். உட்கார்ந்தேன். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தட்டும்வரை அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கு மலாய் போதாது.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். வேட்டி வெளுத்துக் கட்டியிருந்தார். "என்னா தாயி, பெட்டி கட்டியாச்சா?"

"நான் இங்கயே இருக்கேன்பா."

"யாரு இருக்கச் சொன்னா?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், "மக்சிக் சொன்னாங்க" என்றேன். "டூடோக் சினின்னு சொன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அப்பா அந்த அம்மாளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த உடைசல் மலாயில், என்னைக் கையால் காட்டி, குடியிரு என்ற அர்த்தத்தில், நீங்களா இவளை டூடோக் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். பொங்கப்பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மக்சிக் நிமிர்ந்து, இதென்ன கேள்வி என்பதுபோல், ஆமாம், நான்தான் சொன்னேன், நேற்று சொன்னேன் என்றார். உட்காரச் சொன்னதற்கு ஒரு தகப்பன் வந்து விசாரிப்பானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்பா நிதானமாகத் தலையை ஆட்டினார். சொன்ன சொல் தவறாதவர். வாயை மூடிக்கொண்டார். திண்ணென்று இருந்த அந்தக் கையை என் தலையில் வைத்துவிட்டு, மக்சிக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மாள் பதறி எழுந்து அவரும் கும்பிட்டார். கும்பிடுவதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பாஷை. அப்புறம் அப்பா கம்பத்து மாரியம்மன் கோயிலைக் கடந்து, பெரிய ரோட்டைப் பார்த்து நடந்தார். என்னைக் கப்பலுக்கு வந்து வழியனுப்பச் சொல்லவில்லை. போனால் ஏறிவிடுவேன் என்று எனக்குப் பயம், ஏற்றிவிடுவோம் என்று அவருக்குப் பயம் போலிருக்கிறது. அதற்குப்பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. தன் மகளை இரு என்று சொல்ல மலாக்காவில் ஓர் ஆள் இருந்ததாகவே நினைத்து அவர் அங்கே கண்ணை மூடினார்.

அவர் வேட்டி மறைந்தபிறகும் நான் வாசலிலேயே நின்றேன். பின்னால் பால் பொங்கியது, பிள்ளைகள் கூவினார்கள். மக்சிக் வந்து என் முதுகில் கைவைத்து, "டூடோக் லா, நாக்" என்றார். உட்காரத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். நான் வெகு நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.